வீட்டுக் கணக்கு: ஷெட்டில் தூங்கும் காருக்கு இன்ஷூரன்ஸ் எதற்கு?

சாயங்கால வேளையில் நம் தெருவில் ஒரு நடை நடந்து பாருங்கள். எத்தனை வீட்டு வாசலில் உறை போட்டு மூடிய கார் நிற்கிறது! பிள்ளை வெளியூரில் இருப்பான். வீட்டுக்காரருக்குக் கண்ணில் புரை விழுந்து, ராத்திரியில் ஓட்டப் பயமாகியிருக்கும். இல்லாவிட்டால் பஸ்ஸும் ஆட்டோவுமே சௌகரியமாகப் போயிருக்கும். பொங்கலுக்கு ஒரு தரம், குலதெய்வம் கோயிலுக்கு ஒரு தரம், கல்யாணம் கார்த்திகைக்கு ஒரு தரம் என்று அந்தக் கார் வெளியே வரும். மற்ற நாளெல்லாம் தூக்கம்தான்.

ஆனால் வருஷம் திரும்பியதும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து போன் மட்டும் தவறாமல் வந்துவிடும்.

"ஓடாத வண்டிக்கு எதுக்குக்கா இவ்வளவு பணம்? பிள்ளை லீவுல வர்ற ஒரு மாசத்துக்கு மட்டும் எடுத்துக்க முடியாதா?" என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள். அவள் மட்டுமில்லை, இந்த ஆறு மாதத்தில் மூன்று பேர் என்னிடம் இதையே கேட்டுவிட்டார்கள்.

நியாயமான கேள்விதான். சமையல் காஸ் சிலிண்டரிலிருந்து பள்ளிக்கூட ஃபீஸ் வரை கணக்குப் பார்க்கிற நமக்கு, சும்மா நிற்கிற காருக்குப் பணம் கட்டுவது உறுத்தத்தான் செய்யும். அதில் மிச்சம் பிடிக்கவும் வழி இருக்கிறது. எந்தப் பாதியில் மிச்சம் பிடிக்கலாம், எந்தப் பாதியில் கை வைக்கவே கூடாது என்று தெரிந்துகொண்டு செய்ய வேண்டும். அவ்வளவுதான்.

ஒரு காகிதம், இரண்டு பாலிசி

கார் பாலிசி பார்வைக்கு ஒரே காகிதம். உள்ளே இருப்பது இரண்டு விஷயம்.

முதலாவது, மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ். நம் கார் இடித்து வழியில் போகிறவருக்கு அடிபட்டாலோ, உயிர் போனாலோ, அவருடைய வண்டியோ சுவரோ கடையோ சேதமானாலோ கொடுக்க வேண்டிய நஷ்ட ஈடு இதில் அடங்கும். உயிருக்கும் உடம்புக்கும் வரும் நஷ்ட ஈட்டுக்கு இதில் உச்சவரம்பு கிடையாது. கோர்ட் சொல்வதைக் கம்பெனி கட்டும். பொருள் சேதத்துக்குத் தனியார் கார் என்றால் 7.5 லட்சம் ரூபாய் வரை.

இரண்டாவது, சொந்த சேதம். அதாவது நம் காருக்கே வரும் இடி, தீ, வெள்ளம், திருட்டு இவைகளுக்கானது. ஆங்கிலத்தில் 'ஓன் டேமேஜ்' என்பார்கள்.

முதல் பாதி சட்டக் கட்டாயம். இரண்டாவது நம் விருப்பம். இந்த வித்தியாசம் மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆவது பிரிவு, மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டியைப் பொது இடத்தில் உபயோகிக்கக் கூடாது என்கிறது. மீறினால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டுமே. மறுபடியும் அகப்பட்டால் அபராதம் 4,000 ரூபாய். 2019 செப்டம்பரிலிருந்து இந்த அளவு.

"நாங்க ஓட்டறதே இல்லையே, வாசல்ல தானே நிக்குது?" என்பீர்கள். வாசல் என்பது காம்பவுண்டுக்கு உள்ளேயா, வெளியேயா? தெருவோரம் நிறுத்தியிருந்தால் அது பொது இடம்தான். 'உபயோகம்' என்ற சொல் ஓடுகிற வண்டிக்கு மட்டுமல்ல, அசையாமல் நிற்கிற வண்டிக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே ஒரு விபத்து வழக்கில் சொல்லிவிட்டது.

அதுவும் போகட்டும். பேட்டரி இறங்காமல் இருக்க வாரம் ஒரு தரம் தெருவைச் சுற்றி வரச் சொல்கிறார் மெக்கானிக். அந்த ஒரு சுற்றுக்கும் இன்ஷூரன்ஸ் வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு ஒரு குழந்தை குறுக்கே ஓடி வர ஒரு விநாடி போதுமே. கார் வருஷத்துக்கு எத்தனை மைல் ஓடியது என்று அந்த விநாடி கணக்குப் பார்க்காது.

பத்து நாளைக்கு மட்டும் கிடைக்குமா?

பிரிட்டனில் இருக்கிற பிள்ளைகள், "இங்கே ஒரு நாள், ஒரு வாரம் என்றுகூட கார் இன்ஷூரன்ஸ் எடுக்கலாம்மா" என்பார்கள். வாஸ்தவம்தான். ஆனால் அங்கே இன்ஷூரன்ஸ் இல்லாமல் காரைச் சும்மா நிறுத்தி வைக்க வேண்டுமானால், 'இந்த வண்டி ரோட்டுக்கு வராது' என்று அரசாங்கத்துக்கு முறைப்படி அறிவிக்க வேண்டும். அதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுசாகும்.

நம் நாட்டில் தனியார் காருக்கு மூன்றாம் நபர் பாலிசி நடைமுறையில் வருஷக் கணக்கில்தான் கிடைக்கிறது. 2018 செப்டம்பர் 1 முதல், புதுக் கார் வாங்கும்போதே மூன்று வருஷத்துக்குச் சேர்த்து எடுத்தாக வேண்டும்.

இதன் கட்டணத்தைக் கம்பெனிகள் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. அரசாங்கம் நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த விகிதம் இது:

1,000 சி.சி. வரை: 2,094 ரூபாய்
1,000-க்கு மேல் 1,500 சி.சி. வரை: 3,416 ரூபாய்
1,500 சி.சி.-க்கு மேல்: 7,897 ரூபாய்

இதன் மேல் ஜி.எஸ்.டி. உண்டு. விகிதம் அவ்வப்போது மாறக்கூடியது என்பதால் புதுப்பிக்கும்போது ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள். நடுத்தரக் குடும்பங்களில் இருக்கும் 1,200 சி.சி. காருக்கு 18 சதவீத வரியோடு சுமார் 4,031 ரூபாய் ஆகிறது. நாளொன்றுக்கு 11 ரூபாய்! இதை மிச்சம் பிடிக்கப் போய் எதைப் பணயம் வைக்கிறோம் என்று யோசியுங்கள்.

இன்ஷூரன்ஸ் இல்லாத கார் ஒருவரை இடித்துவிட்டால், மோட்டார் விபத்து நஷ்ட ஈட்டுத் தீர்ப்பாயம் விதிக்கும் முழுத் தொகையும் ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறதோ அவர் தலையில் விழும். ஓட்டியது மச்சினராக இருக்கலாம், அக்கா பையனாக இருக்கலாம். சொந்தக்காரர் சொந்தக்காரர்தான். குடும்பத்தைக் காப்பாற்றும் ஒருவர் இறந்துபோனார் என்றால் தொகை பல லட்சத்தில் நிற்கும். போதாக்குறைக்கு, இன்ஷூரன்ஸ் இல்லாமல் விபத்தில் சிக்கிய வண்டியை, சொந்தக்காரர் தகுந்த ஜாமீன் கட்டினாலொழிய விடக்கூடாது என்றும், மூன்று மாதத்துக்குள் கட்டாவிட்டால் ஏலம் போட்டுப் பணத்தைப் பாதிக்கப்பட்டவருக்காக வைக்க வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 2018-ல் உத்தரவிட்டது.

எத்தனையோ வீடுகளில் கார் மனைவி பெயரில் இருக்கிறது. கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டோம், அதோடு சரி. சகோதரிகளே, உங்கள் வீட்டு ஆர்.சி.யில் யார் பெயர் என்று இன்றைக்கே பாருங்கள். உங்கள் பெயர் என்றால் இந்தப் பொறுப்பும் உங்களுடையது.

மிச்சம் பிடிக்கும் இடம்

சிக்கனம் காட்ட வேண்டியது இரண்டாவது பாதியில், அதாவது சொந்த சேதத்தில். இதற்குக் கம்பெனிக்குக் கம்பெனி விலை மாறும். குறைந்தது மூன்று கம்பெனியில் விசாரியுங்கள்.

குறைவாக ஓட்டுகிறவர்களுக்கென்றே ஒரு வழி வந்திருக்கிறது. 'ஓட்டுகிற அளவுக்குப் பணம்' என்கிற முறையைச் சொந்த சேதப் பாலிசியோடு சேர்த்துத் தரலாம் என்று இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2022 ஜூலையில் அனுமதித்தது. 'பே ஆஸ் யூ டிரைவ்' என்று கேளுங்கள். வருஷத்துக்கு 2,500 கிலோமீட்டர், 5,000 கிலோமீட்டர், 7,500 கிலோமீட்டர் என்கிற மாதிரி ஒரு அளவை நாம் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். குறைவாக ஓட்டுவதாக ஒப்புக்கொண்டால் பிரீமியம் குறையும்.

எவ்வளவு ஓடுகிறது என்று குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள். டாஷ்போர்டில் மொத்தக் கிலோமீட்டர் தெரியும். பொங்கலன்று ஒரு தரம் குறித்து வையுங்கள். அடுத்த பொங்கலில் கழித்தால் கணக்குத் தெரிந்துவிடும். சர்வீஸ் பில்களிலும் கிலோமீட்டர் எழுதியிருப்பார்கள். பழைய பில் இரண்டை எடுத்துக் கழித்துப் பார்த்தாலே போதும்.

சேருவதற்கு முன் ஏஜெண்டிடம் இவைகளைக் கேளுங்கள்:

1. சொன்ன கிலோமீட்டரைத் தாண்டினால் சொந்த சேதத்துக்குப் பணம் கிடைக்குமா, குறையுமா, கிடைக்கவே கிடைக்காதா?
2. தாண்டுவதற்கு முன்பே கூடுதல் கிலோமீட்டர் வாங்கிக்கொள்ள முடியுமா? என்ன விலை?
3. கிலோமீட்டரை எப்படிச் சரிபார்ப்பார்கள்? மீட்டரைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டுமா, காரில் கருவி பொருத்துவார்களா?
4. வெள்ளம், திருட்டு இரண்டுக்கும் கிலோமீட்டர் கணக்கு குறுக்கே வருமா?

பதிலை வாய்மொழியாக விட்டுவிடாமல் பாலிசியில் காட்டச் சொல்லுங்கள். மூன்றாம் நபர் பாதிக்கு இந்தக் கிலோமீட்டர் கட்டுப்பாடு பொருந்தாது. அது எவ்வளவு ஓடினாலும் உண்டு.

இன்னொரு சிக்கனம். பாலிசியில் 'உரிமையாளர்-ஓட்டுநர் விபத்துக் காப்பு, 15 லட்சம்' என்று ஒரு வரி இருக்கும். ஆர்.சி. உங்கள் பெயரில், ஆனால் உங்களுக்கு டிரைவிங் லைசென்ஸே இல்லை என்றால் இது உங்களுக்குப் பொருந்தாது. அதற்குப் பணம் கேட்டால் எடுத்துவிடச் சொல்லுங்கள். வேறு இடத்தில் 15 லட்சத்துக்குத் தனி விபத்துப் பாலிசி இருக்கிறவர்களும் இதைத் திரும்ப வாங்க வேண்டியதில்லை.

இதில் மிச்சமானதில் ஒரு சின்னத் தொகையைச் சம்பளத்துக்கு வரும் டிரைவருக்காகக் கட்டிவிடுங்கள். எப்போதாவது ஓடும் காரை ஓட்டுவது பெரும்பாலும் ஆக்டிங் டிரைவர்தான். அவருக்கு அடிபட்டால் என்ன ஆகும் என்று யாரும் நினைப்பதில்லை. அவரும் ஒரு வீட்டுக்குச் சம்பாதித்துப் போடுகிறவர்.

தூங்கும் காருக்கும் ஆபத்து உண்டு

"கட்டாயப் பாதி மட்டும் போதும், மற்றது வேண்டாம்" என்று முடிவு செய்வதற்கு முன் ஒரு நிமிஷம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் நின்ற இடத்திலேயே எத்தனை கார்கள் முழுகின! அடுக்குமாடிகளின் அடித்தளத்தில் பத்திரமாக இருப்பதாக நினைத்த கார்கள். மரம் விழுவதும் திருடு போவதும்கூட நிற்கிற காருக்குத்தான் அதிகம் நடக்கும். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் வைத்திருக்கிறவர்களுக்கு இதற்கெல்லாம் ஒரு பைசா வராது.

ஆகவே காரின் இன்றைய மதிப்பைப் பாருங்கள். பாலிசியில் 'ஐ.டி.வி.' என்று போட்டிருக்கும் தொகை அதுதான். அந்தத் தொகை போனால் தாங்குமா என்று வீட்டில் கலந்து பேசுங்கள். தாங்கும் என்றால், மிகப் பழைய காருக்கு முதல் பாதி மட்டும் வைத்துக்கொள்ளலாம். தாங்காது என்றால் இரண்டாவதையும் விடக்கூடாது.

வெள்ளம் வடிந்ததும் சாவி போட்டு ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கிற ஆசையை அடக்குங்கள். உள்ளே தண்ணீர் புகுந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து அது கெட்டால், சாதாரணப் பாலிசி அதற்குப் பணம் தராது. 'என்ஜின் புரொடெக்ஷன்' என்று தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். முதலில் போட்டோ எடுங்கள், கம்பெனிக்குச் சொல்லுங்கள், பிறகு கட்டி இழுத்துப் போகச் சொல்லுங்கள்.

தேதி தப்பினால்

"பிள்ளை சனிக்கிழமை வர்றான், வெள்ளிக்கிழமை கட்டிக்கலாம்" என்று இடைவெளி விடுகிறவர்கள் உண்டு. பாலிசி முடிந்த ராத்திரி பன்னிரண்டு மணியோடு பாதுகாப்பும் முடிந்தது. அதன் பிறகு சொந்த சேதப் பாலிசி வேண்டுமானால் கம்பெனி காரைப் பரிசோதித்த பிறகுதான் தருவார்கள். பணம் போய்ச் சேரும் முன் எந்தக் கம்பெனியும் பொறுப்பேற்காது. இது 1938-ஆம் வருஷத்து இன்ஷூரன்ஸ் சட்டம். விபத்து நடந்த பிறகு தேதியைப் பின்னுக்குத் தள்ளி வாங்கவும் முடியாது.

இடைவெளியால் இன்னொரு நஷ்டமும் உண்டு. கிளெய்ம் எதுவும் கேட்காத வருஷங்களுக்காகச் சொந்த சேதப் பிரீமியத்தில் தள்ளுபடி தருகிறார்கள். 'நோ கிளெய்ம் போனஸ்' என்று பெயர். முதல் வருஷத்துக்கு 20 சதவீதம், பிறகு 25, 35, 45, ஐந்தாவது வருஷத்துக்கு 50 சதவீதம். குறைவாக ஓடும் காருக்கு இது தானாகவே வளரும். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் அத்தனையும் போச்சு! உதாரணத்துக்கு, 8,000 ரூபாய் பிரீமியத்தில் பாதித் தள்ளுபடியோடு 4,000 கட்டி வந்தவர், மறுபடியும் முழு 8,000 கட்ட வேண்டும். நாலு மாதம் பாலிசி இல்லாமல் விட்டு மிச்சம் பிடித்தது எங்கே, இது எங்கே?

அந்தப் போனஸ் காருக்குச் சொந்தமில்லை, நமக்குச் சொந்தம். காரை விற்றுவிட்டாலும் கம்பெனியிடம் சான்றிதழ் வாங்கி வைத்தால் மூன்று வருஷத்துக்குள் வாங்கும் அடுத்த காருக்கு உபயோகிக்கலாம்.

புதுக் கார்க்காரர்கள் ஒன்றைக் கவனியுங்கள். மூன்றாம் நபர் பாதி மூன்று வருஷம், சொந்த சேதம் பெரும்பாலும் ஒரே வருஷம். இரண்டுக்கும் முடியும் தேதி வேறு வேறு. ஒன்று இருக்கிறதே என்று மற்றதை மறந்துவிடக் கூடாது.

இன்னும் சில எச்சரிக்கைகள்

'மாசத்துக்கு முந்நூறு ரூபாய், ஒரு மாசத்துக்கு மட்டும் பாலிசி' என்று யாராவது வந்தால் நம்பிவிடாதீர்கள். போலிப் பாலிசிகள் நடமாடுகின்றன. வாங்கிய பாலிசியை எம்-பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்கள். இன்ஷூரன்ஸ் முடியும் தேதி அதில் வரும்.

சும்மா நிற்கிறதே என்று கல்யாணத்துக்கோ சவாரிக்கோ வாடகைக்கு விடாதீர்கள். சொந்த உபயோகத்துக்கான பாலிசி வாடகைக்குச் செல்லாது. லீவில் வந்த பிள்ளை சாவியைத் தொடும் முன் அவனுடைய நம்மூர் லைசென்ஸ் தேதி முடிந்துவிட்டதா என்றும் பாருங்கள். வருஷக்கணக்கில் வெளிநாட்டில் இருக்கிறவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள்.

மனதுக்குக் கஷ்டமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வீட்டுக்காரர் காலமாகிவிட்ட வீடுகளில்தான் கார் அதிகமாகத் தூங்குகிறது. பாலிசி யார் பெயரில் இருந்ததோ அவர் இறந்தால், அன்றிலிருந்து மூன்று மாதம், அல்லது பாலிசி முடியும் தேதி, இரண்டில் எது முந்தியோ அதுவரைதான் பழைய பாலிசி செல்லும். அதற்குள் வாரிசு பெயருக்கு ஆர்.சி.யும் பாலிசியும் மாற வேண்டும். துக்கத்தில் யாருக்கும் இது தோன்றாது. அண்ணனோ தம்பியோ நினைவுபடுத்தட்டும்.

நோட்டுப் புத்தகத்தில் எழுத வேண்டியவை

பால் கணக்கு எழுதும் அதே நோட்டில் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள்: ஆர்.சி. யார் பெயர், மூன்றாம் நபர் முடியும் தேதி, சொந்த சேதம் முடியும் தேதி, போனஸ் எத்தனை சதவீதம், இன்றைய கிலோமீட்டர், கம்பெனியின் போன் நம்பர். முடியும் தேதிக்கு ஒரு மாதம் முன்பே காலண்டரில் வட்டம் போடுங்கள். அந்த ஒரு மாதத்தில் நாலு இடம் விசாரித்து, பேரம் பேசி, நிதானமாகக் கட்டலாம்.

காரைப் பார்க்கவே நேரமில்லை, இனி ஓட்ட ஆளும் இல்லை என்ற நிலை வந்துவிட்டதா? அப்படியானால் விற்றுவிடுவதுதான் சரியான சிக்கனம். அதுவரை, வீட்டில் கார் இருக்கிற நாளெல்லாம் அந்தப் பதினொரு ரூபாயும் வீட்டுச் செலவில் சேர்ந்ததுதான்.